நாலு வெள்ளை

"அண்ணே, நாலும் ஒரே வெள்ளைதானே?" என்று கேட்டேன். பெயிண்டர் பதில் சொல்லாமல் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

காரைக்குடி வீட்டின் பின்கட்டில், சிமெண்ட் பூசிய அறை. சுவரில் நாலு சதுரம் அடித்து வைத்திருந்தார். காலையில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தன. மதியம் மூன்று மணி வெயிலில் ஒன்று நீலம் பாரித்து நின்றது, ஒன்று பால் நிறம்.

சீலிங்கைப் பார்த்தால் லேசான ரோஜா நிறம்!

டின்னில் இருந்தது சுத்த வெள்ளை. வெயில் பட்ட ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிவப்புதான் மேலே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "தரையை மாத்துனாத்தான் போகும்" என்றார். அது நடக்காது.

சரி, சுவருக்குத் துளி மஞ்சள் கலந்த வெள்ளை, சீலிங்குக்குப் பளபளப்பில்லாத மேட். பளபளப்பு இருந்தால் மேடு பள்ளமெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் சீலிங், அப்புறம்தான் சுவர். ப்ரைமர் காய்ந்தபின் இரண்டு கோட். போன தடவை ஈரச் சுவரில் அவசரமாக அடித்து, அது அப்பளம் அப்பளமாக உரிந்தது என் கைங்கரியம்.

முகப்புச் சுவரை மட்டும் தொடவில்லை. சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. சித்திரையிலும் கன்னம் வைத்தால் குளிரும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் உள்ளே ஈரம் அடைபட்டுப் பொரிந்துவிடும்.

"ஈரத்துணியால தொடைச்சாப் போதும்டா" என்றார் அப்பத்தா.

துடைத்தேன். அழுக்குக்கு அடியிலிருந்து வந்த வெள்ளைக்கு ஷேட் கார்டில் நம்பரே இல்லை.