ரவுட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்

வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது, ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தை நான் திறந்தது போன சனிக்கிழமைதான். ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று கொடுத்தேன். திறந்துகொண்டது. வாங்கிய அன்றிலிருந்து யாரும் எதையும் மாற்றவில்லை, ரவுட்டருக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் உட்பட. இணைந்திருக்கும் கருவிகள் என்ற இடத்தில் 11 பெயர்கள் இருந்தன. அலுவலக லேப்டாப், போன்கள், டிவி, பிரிண்டர், வாசல் கேமரா எல்லாம் சரி, ஒன்று மட்டும் என்னவென்றே பிடிபடவில்லை. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, அரைமணி நேரம் கழித்துத்தான் அது படுக்கையறை ஸ்மார்ட் பல்பு என்று தெரிந்தது.

அட்மின், அட்மின் என்பதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. 2016-ல் மிராய் என்ற மால்வேர், அதாவது தீங்கு செய்யும் மென்பொருள் வந்ததே, அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. இப்படிப்பட்ட 60 சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க வீட்டுக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் தட்டிப் பார்த்தது. அப்படிப் பிடித்த கருவிகளை வைத்துத்தான் அந்த வருஷம் அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயரை அடித்தால் அந்தத் தளத்துக்கு வழிகாட்டும் டைன் நிறுவனத்தைத் தாக்கினார்கள், ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் பலருக்குத் திறக்கவே இல்லை.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது லாஸ்ட்பாஸ் என்ற நிறுவனத்தில் நடந்த திருட்டு. மற்றவர்களுடைய பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பதே அவர்கள் தொழில், பூட்டுக்கு என்ன குறைச்சல்? முக்கியமான சாவிகளை எடுக்கும் அனுமதி நாலே நாலு பொறியாளர்களுக்குத்தான் இருந்தது. 2022-ல் அந்த நாலு பேரில் ஒருவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரை ஹேக்கர்கள் தேடிப் பிடித்தார்கள். படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் அவர் வைத்திருந்த பிளெக்ஸ் மென்பொருளில் ஒரு ஓட்டை, அதை அடைத்த பதிப்பு 2020-லேயே வந்துவிட்டது, அவர் அப்டேட் செய்யவில்லை. அதன் வழியாக, தட்டும் எழுத்தையெல்லாம் பதிவு செய்யும் கீலாகர் ஒன்றை உள்ளே இறக்கி, அவர் தன் அலுவலகப் பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டும்வரை காத்திருந்து எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுப் பெட்டகங்களுடைய காப்புப் பிரதிகளே வெளியே போயின. அந்த ஒரு மனிதர் மேல் மட்டும் பழிபோட எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் அலுவலகப் பெட்டகத்தைத் திறக்க விட்டது யார் என்றும் கேட்க வேண்டும்.

அப்புறம் போன். 2020 ஜூலையில் ட்விட்டர் ஊழியர்களுக்கு ஐடி டிபார்ட்மென்டிலிருந்து பேசுகிறோம் என்று அழைப்பு வந்தது. எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த நேரம், அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் அடிக்கடி மக்கர் செய்யும், அதைச் சரிசெய்யத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பிச் சிலர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். அலுவலகத்தில் இருந்திருந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் “உனக்கும் இப்படி போன் வந்ததா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருப்போம். வீட்டில் அந்த ஆள் இல்லை. அதனால் இப்போது நான் யார் அழைத்தாலும் “சரி” என்று சொல்லி போனை வைத்துவிட்டு, என்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஹெல்ப்டெஸ்க் எண்ணுக்கு நானே கூப்பிடுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை ராத்திரியே ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேரை அப்டேட் செய்து, பாஸ்வேர்டு அடிக்காமலே பொத்தானை அழுத்தியோ பின் எண் கொடுத்தோ வைஃபையில் இணைய விடும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்தேன். டிவி, கேமரா, பல்பு மூன்றையும், லேப்டாப் இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து தனியாகப் பிரிந்திருக்கும் கெஸ்ட் நெட்வொர்க்குக்குத் தள்ளினேன். பிரிண்டரையும் அங்கே மாற்றியதில் லேப்டாப்பிலிருந்து பிரிண்ட் போகவில்லை, அதற்கு மட்டும் இப்போது யூஎஸ்பி கேபிள்.