கூட்டத்தொடரின் கடைசி நாளும் சட்டமுன்வடிவுகளும்

தமிழ்நாடு சட்டமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடரில் சட்டமுன்வடிவுகளுக்கு, அதாவது மசோதாக்களுக்கு, கிடைப்பது மிச்ச நேரம்தான். நிதிநிலை அறிக்கை, அதன் மீதான பொது விவாதம், பிறகு ஒவ்வொரு துறையும் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகள் என்று நாட்கள் ஓடிவிடும். நடுநடுவே அமைச்சர்கள் சட்டமுன்வடிவுகளை அறிமுகம் செய்துவைப்பார்கள். அவற்றை ஆய்வுக்கு எடுத்து நிறைவேற்றுவது பெரும்பாலும் கடைசி ஓரிரு நாட்களில் குவிந்துவிடும். மறுநாள் நாளிதழில் "ஒரே நாளில் இத்தனை மசோதாக்கள் நிறைவேற்றம்" என்று எண்ணிக்கைதான் வரும். இந்த வேலையோடு பழகியவர்கள் எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் கை வைத்திருக்கிறார்கள், எப்போதிலிருந்து நடைமுறைக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

அவையில் நடப்பது வேகமாக முடிந்துவிடும். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அமைச்சர் முன்மொழிவார். உறுப்பினர்கள் பேசுவார்கள், சில நேரம் பேச ஆளே இருக்காது. பிறகு பேரவைத் தலைவர் பிரிவுகளை வாக்குக்கு விடுவார்: "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க." இதில் பிரிவு 1 முதலில் வராது. பிரிவு 2 தொடங்கி வரிசையாகப் போய், அட்டவணை இருந்தால் அதையும் முடித்து, கடைசியில்தான் பிரிவு 1, இயற்றும் சொற்றொடர் (பேரவை இதை இயற்றுகிறது என்று சொல்லும் தொடக்க வரி), நெடுந்தலைப்பு (சட்டம் எதற்கு என்று சொல்லும் முழுத் தலைப்பு) ஆகியவை எடுக்கப்படும். உள்ளே இருக்கும் பிரிவுகளில் திருத்தம் ஏற்கப்பட்டால் தலைப்பும் மாற வேண்டியிருக்கும் என்பதால் இந்த வரிசை.

குரல் வாக்கெடுப்போடு பெரும்பாலும் முடிந்துவிடும். உறுப்பினர்கள் டிவிஷன், அதாவது தலையெண்ணும் வாக்கெடுப்பு, கேட்டால் அவையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவார்கள். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் 6 பகுதிகளாகப் பிரித்து எண்ணியதைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பார்கள். சட்டமுன்வடிவுக்கு இப்படி எண்ணும் நிலை வருவது அபூர்வம். 1986 நவம்பர் 1 அன்று மேலவை கலைக்கப்பட்ட பிறகு இரண்டாவது அவை என்று ஒன்று இல்லை. ஆகவே பேரவையில் கவனிக்காமல் விட்டதைப் பிடிக்க உள்ளேயே இருக்கும் ஒரே வழி, உறுப்பினர்கள் சிலர் உட்கார்ந்து சட்டமுன்வடிவை விரிவாக ஆராயும் தெரிவுக் குழு. அதற்கு அனுப்புவதைக் காலதாமதம் என்று பார்க்கும் பழக்கம் மாறவேண்டும். குழுவில் நாலு வாரம் செலவானால், பின்னால் திருத்தச் சட்டம் கொண்டுவரும் நாலு ஆண்டு மிச்சமாகும்.

உண்மையான வேலை அவைக்கு வெளியே நடக்கிறது. துறை கருத்துருவைத் தயாரிக்கும். செலவு இருந்தால் நிதித் துறை பார்க்கும். சட்டத் துறை வரைவைச் சரிபார்க்கும். அமைச்சரவை ஒப்புதல் தரும். அரசின் வருவாய் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து செலவு வருமானால் அரசமைப்பின் 207ஆவது உறுப்பின்படி ஆளுநரின் பரிந்துரை வேண்டும். பிறகு அச்சகம், தமிழிலும் ஆங்கிலத்திலும்.

தடுமாற்றம் அதிகம் வருவது திருத்தச் சட்டமுன்வடிவுகளில். ஒரு கூட்டத்தொடரில் வருபவற்றில் பெரும்பங்கு இவைதான். முற்றிலும் புதிய சட்டம் குறைவு. திருத்தச் சட்டமுன்வடிவில் ஒரு பிரிவு இப்படி இருக்கும்: "முதன்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், (2)ஆம் உட்பிரிவில், 'மூன்று ஆண்டுகள்' என்னும் சொற்களுக்குப் பதிலாக 'ஐந்து ஆண்டுகள்' என்னும் சொற்கள் அமைக்கப்படுதல் வேண்டும்." இதை மட்டும் படித்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஐந்து ஆண்டு என்பது தண்டனையா, பதவிக்காலமா, உரிமத்தின் ஆயுளா? முதன்மைச் சட்டத்தை, அதாவது திருத்தப்படும் மூலச் சட்டத்தை, பக்கத்தில் வைத்து, பழைய சொல்லைப் பென்சிலால் அடித்து, புதிய சொல்லை மேலே எழுதி, பிரிவு முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். அப்போதுதான் அதே காலக்கெடு 15ஆம் பிரிவிலும் இருக்கிறது, அதை மாற்ற மறந்துவிட்டார்கள் என்பது கண்ணில் படும்.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. ஒரே சட்டத்தை அடுத்தடுத்த கூட்டத்தொடர்களில் இரண்டு முறை திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் திருத்தம் 3-அ என்று ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்க்கிறது. இரண்டாவது திருத்தம் அந்த 3-அ பிரிவிலேயே ஒரு சொல்லை மாற்றுகிறது. முதலாவது ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காமல் நின்றுவிட்டு, இரண்டாவது மட்டும் சட்டமானால், அது திருத்தப் போகும் பிரிவு சட்டப் புத்தகத்தில் இருக்கவே இருக்காது. ஆகவே இரண்டாவதை வரையும்போது நடப்பில் உள்ள சட்ட வாசகத்தை மட்டும் அடிப்படையாக எடுக்க வேண்டும். நிலுவையில் இருப்பதை நம்பி எழுதக்கூடாது. அவசரத்தில் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

இயற்றும் சொற்றொடரில் "இந்தியக் குடியரசின் எழுபத்து நான்காம் ஆண்டில்" என்று ஆண்டு குறிப்பிடப்படும். இந்த ஆண்டுக் கணக்கு ஒவ்வொரு ஜனவரி 26 அன்றும் மாறும். சட்டமுன்வடிவு ஜனவரி 26க்கு முன் அச்சாகி, நிறைவேறுவது அதற்குப் பின் என்றால், ஆண்டை மாற்றும் திருத்தத்தையும் சேர்த்தே நிறைவேற்ற வேண்டும். சிறிய விஷயம்தான், ஆனால் அன்றைய குறிப்பில் அது இருந்தாக வேண்டும்.

சட்டமுன்வடிவின் கடைசிப் பக்கங்களைப் பலர் திறப்பதே இல்லை. அங்கேதான் நோக்க காரண விளக்கவுரை இருக்கும்; செலவு இருந்தால் நிதி பற்றிய குறிப்பும், விதிகள் செய்யும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தால் அதைப் பற்றிய குறிப்பும் இருக்கும். மூன்றாவதை முதலில் படிப்பது நல்லது. கட்டணம் எவ்வளவு, யாருக்கு விலக்கு, மேல்முறையீடு யாரிடம் என்பதெல்லாம் "விதித்துரைக்கப்பட்டவாறு" என்று விடப்பட்டிருந்தால், அவை நிறைவேற்றுவது சட்டகத்தை மட்டுமே. மக்களைத் தொடும் பகுதி பின்னால் அரசாணையாக வரும்; அதன்மேல் விவாதம் நடப்பது அரிது.

அவை நடக்காத நேரத்தில் ஆளுநர் பிறப்பிக்கும் அவசரச் சட்டத்துக்குப் பதிலாக வரும் சட்டமுன்வடிவில் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 213ஆவது உறுப்பின்படி, அவை மீண்டும் கூடிய நாளிலிருந்து 6 வாரத்தில் அவசரச் சட்டம் காலாவதியாகிவிடும். அதற்குள் நிறைவேற்றினால் மட்டும் போதாது. ஒப்புதலும் வந்தாக வேண்டும். இணையவழிச் சூதாட்டத் தடை இதற்கு உதாரணம். 2022 அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டம் வந்தது. அக்டோபர் 17 அன்று அவை கூடியது. 19 அன்று சட்டமுன்வடிவு நிறைவேறியது. ஒப்புதல் வராமலேயே நவம்பர் இறுதியில் அவசரச் சட்டம் காலாவதியானது. 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 23 அன்று பேரவை மறுபடி நிறைவேற்றியது. ஒப்புதல் கிடைத்தது ஏப்ரல் 10 அன்று. இடைப்பட்ட மாதங்களில் செய்த செயலைப் பின்தேதியிட்டுக் குற்றமாக்க அரசமைப்பின் 20ஆவது உறுப்பு இடம் தராது. அந்த இடைவெளி இடைவெளியாகவே நின்றுவிட்டது.

ஒப்புதல் விஷயத்தில் சமீப ஆண்டுகளில் நடந்ததை எல்லோரும் அறிவார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பிய 10 சட்டமுன்வடிவுகளை 2023 நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டத்தில் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. அவற்றை ஆளுநர் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கிவைத்தார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகக் கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு 5 நீதிபதிகள் அமர்வு அளித்த கருத்தோ, நீதிமன்றம் காலக்கெடு விதிக்கவோ ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவோ முடியாது என்றது. வரைவு எழுதுபவர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. தேதியை முன்கூட்டியே அச்சடித்து நடைமுறைக்கு வரும் நாளைக் கட்டிப்போடாமல், "அரசு அறிவிக்கை வாயிலாகக் குறிக்கும் நாளில்" என்று விடுவதே பாதுகாப்பு. பேரவை கலைந்தாலும், நிறைவேறி ஒப்புதலுக்குக் காத்திருக்கும் சட்டமுன்வடிவு காலாவதியாகாது. 1961இல் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அவையிலேயே நிலுவையில் இருப்பவைதான் போய்விடும்.

நிறைவேறிய பிறகு நின்றுபோனதும் உண்டு. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. மூன்றே நாளில் நிறுத்திவைப்பதாக அரசு சொன்னது; மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தொழிற்சங்கங்களோடு அவைக்கு வருமுன் பேசியிருந்தால் அந்தப் பத்து நாள் கொந்தளிப்பே இருந்திருக்காது.

ஆகவே "மசோதா நிறைவேறிவிட்டதே, எனக்கு எப்போது பொருந்தும்?" என்று கேட்பவர்கள் பார்க்க வேண்டியது அரசிதழை. பகுதி IV, பிரிவு 1இல் சட்டமுன்வடிவும், பிரிவு 2இல் ஒப்புதல் பெற்ற சட்டமும் வெளியாகும். அரசிதழின் பிரிவு 2இல் சட்டத்தைக் கண்டதும் அந்தச் சட்டத்தின் முதல் பிரிவில் நடைமுறைக்கு வரும் நாளைத் தேடுங்கள். நாள் இல்லாமல் அறிவிக்கை என்று இருந்தால், அந்த அறிவிக்கை தனியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவும் அதே 2023 ஏப்ரல் 21 அன்றுதான் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபரில்.