விழா மலர் சான்றாகுமா?

கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் வாரி வழங்கிய டர்பன் பெரியவர் ஒருவரைப் பற்றி அவருடைய மருமகனே தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிய கட்டுரைக்கு நீக்கல் வார்ப்புரு (கட்டுரையை நீக்கக் கோரும் அறிவிப்பு) இடப்பட்டதிலிருந்து, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உறவினர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள். அவர்கள் காட்டும் சான்றுகளோ குடும்ப இணையதளமும், பெரியவரே முழுப்பக்க விளம்பரம் கொடுத்த காவடி விழா மலரும்தான். தொடர்பில்லாத பிறர் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்பதே விக்கிப்பீடியா விதி கேட்கும் கேள்வி. காந்தியின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று 1914இல் 16 வயதில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு யாரும் பரிந்து பேச வேண்டியதில்லை, காந்தியே எழுதியிருக்கிறார். ஆனால் விழா மலர்களைத் தவிர வேறெங்கும் பதிவாகாத நம் பழைய தமிழாசிரியர்களும் இதே விதியால் வெளியே நிற்கிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மருமகன் தம் உறவை மறைக்காமல் கட்டுரைக்கான உரையாடல் பக்கத்தில் சொல்லி, பழைய நாளிதழ்ச் செய்திகளைத் தேடிக் கொடுத்து, எழுதும் வேலையை வேறொருவரிடம் விட்டிருக்கலாம். “தன்னிகரற்ற வள்ளல்” என்று தொடங்கும் கட்டுரையை (வாழ்த்துமடல் என்றே சொல்லலாம்) எந்த நிர்வாகியும் விட்டுவைக்க மாட்டார்.