முதலில் பத்து வரி ஓடட்டும்

கோட் (கணினி நிரல்) எழுதத் தொடங்காமல் தள்ளிப்போடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். நான் பார்த்தவரை, அவர்களில் பலரும் வேலையை மிகவும் மதிப்பவர்கள். எழுதினால் நன்றாக எழுத வேண்டும் என்ற எண்ணமே அவர்கள் கையைக் கட்டிப்போடுகிறது.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வேலை இது: ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேயிலிருந்து தினமும் பட்டியலாக வரும் சிஎஸ்வி கோப்பை டேட்டாபேஸில் உள்ள ஆர்டர் டேபிளோடு ஒப்பிட்டு, பணம் வந்துசேராத ஆர்டர்களைக் காட்ட வேண்டும். ஒயிட்போர்டு நிறையக் கட்டங்கள் போட்டிருந்தார். நாளைக்கு இன்னொரு கேட்வே வந்தால் எங்கே சேர்ப்பது என்பதுவரை யோசித்திருந்தார். எடிட்டரில் மட்டும் ஒரு வரிகூட இல்லை. “டிசைன் இன்னும் சரியா அமையலண்ணா” என்றார்.

“சரி, டிசைன் எதுவும் வேண்டாம். நேற்றைய கோப்பை மட்டும் படித்துப் பார்ப்போம்” என்றேன். கோப்பின் பெயரைக்கூட கோடுக்குள்ளேயே எழுதி, பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட்டினோம். தொகை ‘1,250.00’ என்று காற்புள்ளியோடு இருந்ததால், எண்ணாக மாற்ற முடியாமல் அங்கேயே நின்றது. அதைச் சரிசெய்தோம். அப்புறம்தான் பெரிய விஷயம் தெரிந்தது: ஒரே ஆர்டர் எண் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று வாங்கிய பணம், மற்றொன்று அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. ஒயிட்போர்டில் இருந்த படமோ ஒரு ஆர்டருக்கு ஒரு பேமென்ட் என்ற கணக்கில் போட்டது. அந்தப் படத்தை இன்னும் ஒரு வாரம் மெருகேற்றியிருந்தாலும் இது தெரிந்திருக்காது. ஸ்கிரிப்டை ஓட்டியதால்தான் தெரிந்தது.

கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்க நாம் தினமும் பயன்படுத்தும் கிட் (Git) என்ற மென்பொருளும் இப்படித்தான் பிறந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 2005 ஏப்ரல் 3 அன்று எழுதத் தொடங்கினார். 7ஆம் தேதியே கிட்டின் சொந்த நிரலைக் கிட்டிலேயே வைக்க முடிந்தது. அப்போது அது ஆயிரத்துச் சொச்சம் வரிதான். தனித்தனி மாற்றங்களை ஒன்றாக இணைக்கும் மெர்ஜுக்குக் கட்டளைகூடக் கிடையாது. உள்ளடக்கத்திலிருந்து ஹாஷ் என்ற அடையாள எண்ணைக் கணக்கிடும் முறை அடித்தளமான விஷயம் அல்லவா, அதையே அந்த மாதத்துக்குள் மாற்றினார். பயன்படுத்துகிறவர்கள் குறைவாக இருந்ததால் மாற்றுவது சுலபமாக இருந்தது. ஜூனில் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 2.6.12 கிட்டில்தான் நிர்வகிக்கப்பட்டது.

அதற்காக எல்லாவற்றையும் அவசரமாக எழுதலாம் என்று சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள் நம்பியிருக்கும் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி), நிஜப் பயன்பாட்டில் இருக்கும் புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் செய்யும் மாற்றம், இங்கெல்லாம் எவ்வளவு யோசித்தாலும் தகும். வெளியே போனபின் அவற்றைத் திரும்பப் பெறுவது கஷ்டம். நம் கணினிக்குள்ளேயே தனிக் கிளையாக இருக்கும் பிராஞ்சில் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை.

தயக்கத்துக்குப் பாதிக் காரணம், மற்றவர்கள் கோட் படித்துக் கருத்துச் சொல்லும் ரிவ்யூவில் யார் என்ன சொல்வார்களோ என்பதுதான். அதனால் இப்போது எங்கள் குழுவில், கோட் அரைகுறையாக இருக்கும்போதே டிராஃப்ட் புல் ரிக்வெஸ்ட் (முடியாத வேலையை மற்றவர்கள் பார்க்க அனுப்புவது) போடச் சொல்கிறோம். அந்தக் கட்டத்தில் மாறிகளின் பெயரைப் பற்றி யாரும் பேசக்கூடாது. போகிற வழி சரியா என்று மட்டும் சொல்ல வேண்டும். இடைவெளி, மேற்கோள்குறி விவகாரங்களையெல்லாம் கோட் அமைப்பைச் சீராக்கும் ஃபார்மேட்டர் கருவி பார்த்துக்கொள்கிறது.