தேர்ப்பாட்டும் பாம்புப்பாட்டும்

பிப்ரவரி 8

ஓர் அட்டைப்படத்துக்காக ரதபந்தம், அதாவது பாட்டைத் தேர் வடிவில் அடுக்கும் படம், வரையத் தொடங்கியிருக்கிறேன். பாட்டு, திருமங்கையாழ்வார் குடந்தைப் பெருமாளைப் பாடிய திருவெழுகூற்றிருக்கை. முதலில் எண்களை மட்டும் பிரித்து எழுதினேன். ‘ஒரு பேருந்தி இருமலர்த் தவிசில் ஒருமுறை அயனை ஈன்றனை’: 1, 2, 1. அடுத்து ‘ஒருமுறை இருசுடர் மீதினில் இயங்கா மும்மதிள் இலங்கை இருகால் வளைய ஒருசிலை’: 1, 2, 3, 2, 1. இப்படியே ஒவ்வொரு வரிசையிலும் ஓர் எண் கூடி, கடைசியில் 7 வரை ஏறி 1-க்கு இறங்குகிறது. வரிசைகளை நடுவில் நிறுத்தி ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டால் தேரின் மேல்பகுதி வந்துவிட்டது. நான் வரைய மிச்சம் இருப்பது சக்கரமும் குதிரையும்தான்.

பிப்ரவரி 9

அந்தப் பெருமாள் இருக்கும் கும்பகோணம் சாரங்கபாணி கோயிலின் கருவறையே தேர் வடிவம்தான். சக்கரம், குதிரை, யானை எல்லாம் கல்லில். அட்டையில் யானைக்கு இடமில்லை.

பிப்ரவரி 11

இன்று நாகபந்தம் பார்த்தேன். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலின் உரை சொல்லும் முறைப்படி, பின்னிக் கிடக்கும் இரண்டு பாம்புகள். உடலெங்கும் இரண்டு வெண்பாக்கள். உடல்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொது. அபார உழைப்பு. ஆனால் வாசிக்கக் கேட்பவருக்கு அந்தப் பின்னல் தெரியவே தெரியாது. எழுகூற்றிருக்கையில் கண்ணை மூடிக்கொண்டாலும் எண் ஏறி இறங்குவது காதில் விழும். எனக்குப் பிடித்தது அதுதான். படத்தைத் தூக்கி எறிந்தாலும் தேர் ஓடும். எழுத்தை இப்படி அடுக்கி விளையாடும் சித்திரகவியை வெறும் வித்தை என்று ஒதுக்குபவர்கள் பாம்பை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது. சம்பந்தரின் மாலைமாற்றும் அப்படித்தான்: ‘யாமாமா நீயாமாமா யாழீகாமா காணாகா’. பின்னாலிருந்து படித்தால் அதுவே அடுத்த அடி. பொருள் பிரிக்க உரை வேண்டும், சரி. ஓசைக்கு எந்த உரையும் வேண்டாமே.

பிப்ரவரி 14

கணினியோடு சண்டை. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்றால் ‘மொ’ ஒரே கட்டத்தில் உட்கார வேண்டும். இந்த மென்பொருளோ கொம்பு, மகரம், கால் என்று மூன்றாகக் கிழித்து மூன்று கட்டங்களில் போடுகிறது. 1918-இல் வெளியான தொகுப்பில் பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேர் எழுத்துகளைச் சாய்வாக, மழைபோல இறங்கவிட்டார். அவருக்குக் கொம்பு இல்லை, தப்பித்தார். அப்புறம் என்ன, கையால் எழுதி ஸ்கேன் செய்துவிட்டேன்.

பிப்ரவரி 16

எங்கே தொடங்குவது என்று காட்ட அம்புக்குறி போடச் சொன்னார் பதிப்பாளர். மறுத்தேன். முதல் ‘ஒரு’வைச் சிவப்பில் அடிப்பதாகப் பேசி முடித்திருக்கிறோம்.