அந்தாரே: அட்டவணையோடு நின்றுவிடாதீர்கள்

இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் பெரும்பாலோருக்கு 2018 முதல் பி1 (இடைநிலை) இத்தாலிய மொழிச் சான்றிதழ் வேண்டும். எனக்குப் போன மாதம் கைக்கு வந்துவிட்டது, அப்பாடா! தேர்வைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது 'அந்தாரே' ('போவது') என்ற இத்தாலிய வினைதான்.

நான், நீ, அவன்/அவள், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் நிகழ்கால அட்டவணையை வாதோ, வாய், வா, அந்தியாமோ, அந்தாத்தே, வான்னோ என்று ஒப்பித்துவிடலாம். ('வா' என்றால் போகிறான், போகிறாள். நம் காதுக்குப் பழகக் கொஞ்சம் நாளாகும்.) இறந்த காலத்துக்கு எஸ்ஸெரே ('இருப்பது') துணைவினை, 'போனேன்' என்பதைப் பெண் 'சோனோ அந்தாத்தா' என்பாள், ஆண் 'சோனோ அந்தாத்தோ'. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

குடும்பச் சான்றிதழ் வாங்கப் போன அலுவலகத்தில்தான் சிக்கல். கவுண்டரில் இருந்தவர் தாள்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. 'அந்தாவா ப்ரேநொத்தாத்தோ' என்று திருப்பித் தள்ளினார். புரியவில்லை என்றேன். அதையே சத்தமாகச் சொன்னார், அப்புறம் 'வாதா, வாதா' என்று கையை வீசினார். பின்னால் நின்ற மொரோக்கோ அக்காதான் விளக்கினார்: முன்பதிவு செய்திருக்க வேண்டுமாம். வாசலில் அப்படி ஓர் அறிவிப்பே இல்லை! அரை நாள் சம்பளம் போச்சு.

அந்தாரேயோடு இறந்தகால எச்சம் சேர்ந்தால் 'செய்தாக வேண்டும்' என்று பொருள். 'இல் மோதுலோ வா ஃபிர்மாத்தோ' என்றால் படிவத்தில் கையெழுத்து போட வேண்டும். 16 யூரோ மார்கா தா பொல்லோ (விண்ணப்பத்தில் ஒட்டும் வரி முத்திரை) பெண்பால், அதனால் 'வா அப்லிகாத்தா', ஒட்ட வேண்டும். இந்த 'வா'வின் இறந்தகால வடிவமான 'அந்தாவா' காதில் விழுந்தால் உஷாராகுங்கள்: செய்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஆனால் 'ஏ அந்தாத்தோ பெர்சோ' என்றால் கட்டாயம் எதுவும் இல்லை, தாள் தொலைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே பிரதி கேளுங்கள்.

'வாதா' திட்டு இல்லை, 'போங்கள்' என்ற மரியாதை வடிவம்தான். வாய்மொழித் தேர்வில் முன்பின் தெரியாதவரிடம் வழி சொல்வதாக வந்தால் அதைத்தான் சொல்ல வேண்டும். 'வாய்' நண்பர்களுக்கு மட்டும்.

முன்பதிவு செய்துகொண்டு மறுபடி போனேன், அதே கவுண்டர். அவர் வாயைத் திறக்குமுன் நானே கேட்டேன்: 'க்வெஸ்தோ வா ஃபொத்தொகோபியாத்தோ?' (இதை நகலெடுக்க வேண்டுமா?) நிமிர்ந்து பார்த்தார். ஆமாம், ஒரு நகல் வேண்டும் என்றார். பையில் தயாராக வைத்திருந்தேன்.