ஜூபாக்கோவுக்கு உருஷி ஏறுகிறது

ஜப்பானில் புத்தாண்டுச் சாப்பாட்டை அடுக்கி வைக்கும் சதுர அடுக்குப் பெட்டிதான் ஜூபாக்கோ. கேயாக்கி மரத்தில் இரண்டு அடுக்கும் மூடியும் கொண்ட ஒன்றை, எதுவும் பூசாத வெறும் மரமாக வாங்கி, உருஷி என்ற மரப்பால் பூச்சை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். உருஷி வேலைக்குப் பேர்போன வாஜிமா ஊரில் விளிம்புக்குத் துணி ஒட்டி, சுட்டுப் பொடித்த மண்ணை உருஷியில் குழைத்து அடித்தளம் போடுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி ஆள் இருக்கும் தொழில் அது. வீட்டு மேசையில் கட்டுப்படியாவது ஃபுகி-உருஷி: பூசி, துடைத்து எடுத்து, இறுக விட்டு, மறுபடி பூசுவது.

முதலில் தோல் சமாச்சாரம். உருஷி மரத்தின் பால் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்து அரித்துத் தடிக்கும். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணானவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். மா, முந்திரி, சேராங்கொட்டை, உருஷி எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் நான் டியூபைத் திறப்பதே இல்லை. பக்கத்தில் கொஞ்சம் சமையல் எண்ணெயும் இருக்கும். தோலில் பட்டால் எண்ணெயில் துடைத்துவிட்டு அப்புறம்தான் சோப்பு.

உப்புத்தாளை 240ஆம் எண்ணில் தொடங்கி 600 வரை போட்டுத் தேய்த்தேன். முதல் பூச்சை மட்டும் டர்பெண்டைனில் இளக்கி, மரம் குடிக்கிற அளவுக்குக் கொடுத்தேன். டியூபிலிருந்து வரும்போது பால் தூக்கலான காபி நிறம். துணியில் ஒற்றிப் பலகையில் இழுப்பதற்குள் காற்றுப் பட்டுக் கறுக்கத் தொடங்கிவிடுகிறது. கேயாக்கியின் வளையங்களில் இருக்கும் துளைகள் அதை இழுத்துக்கொள்ள, அதுவரை மங்கலாக இருந்த ரேகைகள் கோடு போட்டாற்போல் எழும்புகின்றன. குறுக்கே வெட்டிய முனைகள் இன்னும் அதிகம் குடிப்பதால் அங்கே நிறம் அடர்த்தி. எனக்கு அது பிடித்திருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

பெயின்ட் பூசிப் பழகியவர்களுக்கு அடுத்த கட்டம் தலைகீழாகத் தோன்றும். உருஷி இறுக ஈரம் வேண்டும். பாலில் உள்ள லாக்கேஸ் என்ற நொதி, ஈரக்காற்றில்தான் அந்தப் பாலின் முக்கியப் பொருளான உருஷியோலை ஆக்ஸிஜனோடு சேர்த்துக் கெட்டியாக்கும். ஒரு அட்டைப்பெட்டி, அடியில் நனைத்துப் பிழிந்த துண்டு, மேலே குச்சிகள், ஓரத்தில் ஈரமானி: இதுதான் என் முரோ, அதாவது உருஷியை இறுக வைக்கும் ஈரப் பெட்டி. ஈரப்பதம் 70-80 சதவீதம், வெப்பம் 20-25 டிகிரிக்குள் இருந்தால் மறுநாள் கையில் ஒட்டாது. குளிர்காலத்தில் ஹீட்டர் அறையை வறளடித்துவிடும், துண்டை அடிக்கடி நனைக்க வேண்டும். ஜப்பானின் ஜூன் மழைக்காலத்தில் பெட்டியே தேவைப்படாது.

பெட்டி என்பதால் உள்மூலைகள்தான் வேலை வாங்குகின்றன. உருஷி அங்கே தேங்கும். தேங்கியது மேலே தோல் கட்டிச் சுருங்கி, உள்ளே இளகியபடியே கிடக்கும். ஆகவே துடைத்து முடித்ததும் மூங்கில் குச்சி நுனியில் பழைய பருத்தித் துணியைச் சுற்றி, நான்கு மூலையிலும் விட்டு எடுக்கிறேன். அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் விளிம்பையும் அப்படித்தான். அங்கே படலம் கனத்தால் மூடி இறுகிப்போகும்.

இவ்வளவு துடைத்து எறிகிறோமே என்று மனசு கேட்பதில்லை. ஒரு மரத்தைப் பத்துப் பதினைந்து வருடம் வளர்த்து, ஒரு பருவம் முழுக்கக் கீறினாலும் கிடைப்பது சுமார் 200 மில்லிதான். ஜப்பானில் விளைவதில் பெரும்பகுதி இவாத்தே மாநிலத்தின் ஜோபோஜியிலிருந்து வருவது; விலை எகிறும். நான் வாங்கியது சீன உருஷி. பழகுவதற்கு அது தாராளமாகப் போதும்.

இப்போது வெளிப்பக்கத்தில் மங்கலான பளபளப்பு வந்துவிட்டது. நிறம் கிட்டத்தட்டக் கறுப்பு. வருடம் போகப்போக உருஷி தெளிந்து ரேகை இன்னும் வெளியே வரும் என்பதால் இதற்குமேல் கறுப்பாக்கப் போவதில்லை. உள்பக்கத்துக்கு இன்னும் சில பூச்சு பாக்கி. வாசனை போக அரிசிப் பெட்டிக்குள் வைப்பது இங்கே பழைய வழக்கம், அதையும் பார்க்க வேண்டும். அடுத்து ஒரு வட்டத் தட்டு. அதற்குச் சிவப்பு பூச ஆசைதான். ஆனால் துடைத்து எடுத்தால் சிவப்பு நிற்காது, தூரிகையால் பூச வேண்டும். மனிதத் தலைமுடியில் செய்த அந்தத் தூரிகையின் விலையைப் பார்த்ததும், தட்டுக்கும் ஃபுகி-உருஷியே நல்லது என்று முடிவாகிவிட்டது.